சொந்தச் சிப்பா, கடைச் சரக்கா: வொர்க்ஸ்டேஷன்களின் நீண்ட இழுபறி

1999 ஜனவரியில் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம், சுருக்கமாக எஸ்ஜிஐ, 320 என்றொரு வொர்க்ஸ்டேஷனை, அதாவது தொழில்முறை வேலைக்கான சக்திவாய்ந்த கணினியை, சந்தையில் இறக்கியது. உள்ளே இருந்தது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய இன்டெல் பென்டியம். ஓடியது விண்டோஸ் என்டி. ஆனால் பிராசசர், மெமரி, கிராபிக்ஸ் மூன்றையும் இணைக்கும் சிப்செட்டை மட்டும் எஸ்ஜிஐ தானே வடிவமைத்தது. அதற்குக் கோபால்ட் என்று பெயர். மற்ற பிசிக்களில் பிராசசருக்கு ஒரு மெமரி, கிராபிக்ஸ் கார்டுக்கு வேறொரு மெமரி, நடுவே ஒரு குறுகலான வழி. 320-இல் அந்தப் பாகப்பிரிவினையே கிடையாது. ஒரே மெமரியை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். அதன் வேகம் நொடிக்கு 3.2 ஜிபி. அன்றைய சாதாரண பிசியில் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் ஏஜிபி வழியில் நொடிக்கு அரை ஜிபிதான் போகும். பெரிய படங்களையும் வீடியோவையும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

அடுத்த ஆண்டே எஸ்ஜிஐ அந்த வடிவமைப்பைக் கைவிட்டது.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே மெமரி, நடுவில் நகலெடுக்கும் வேலை இல்லை. 2022-இல் அதே வம்சத்துப் பெரிய சிப்களோடு மேக் ஸ்டுடியோ வந்தது. இன்று பல வீடியோ எடிட்டர்களின் மேசையில் இருப்பது அதுதான். அடிப்படை யோசனை ஒன்றே. ஒன்று ஓராண்டில் படுத்தது, இன்னொன்று ஒரு நிறுவனத்தின் கணினி வியாபாரத்தையே திருப்பிப் போட்டது. வொர்க்ஸ்டேஷன் வன்பொருளைச் சொந்தமாகச் செய்வதா, கடையில் கிடைப்பதை வாங்கிக் கோப்பதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை அமையாது. ஆனால் விடை பிடிபட வேண்டுமானால் 1980-லிருந்து தொடங்க வேண்டும்.

வொர்க்ஸ்டேஷன் என்பது அன்று தெளிவான ஒரு ஜாதி. ஒரே ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இயந்திரம், பெரிய திரை, நெட்வொர்க் இணைப்பு, பலர் பகிர்ந்துகொள்ளும் மினி கம்ப்யூட்டருக்கு ஈடான சக்தி. பொறியாளர்கள், சிப் வடிவமைப்பாளர்கள், ஆய்வாளர்கள் வாங்கினார்கள். இதை வியாபாரமாக நிலைநிறுத்தியது 1980-இல் மசாசூசெட்ஸில் தொடங்கிய அப்பல்லோ நிறுவனம். அவர்கள் எடுத்துக்கொண்ட பிராசசர் மோட்டரோலா 68000. நல்ல சிப்தான், ஆனால் ஒரு குறை இருந்தது. நிரல் கேட்கும் மெமரித் துண்டு (இதைப் 'பக்கம்' என்பார்கள்) டிஸ்கில் கிடந்தால், பிராசசர் பாதி கட்டளையில் நின்று, பக்கம் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 68000-க்கு அது தெரியாது. நின்ற இடத்தைத் திரும்பப் பிடிக்கத் தேவையான விவரம் எல்லாவற்றையும் அது சேமித்து வைப்பதில்லை.

அப்பல்லோ பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிஎன்100 மாடலில் ஒன்றுக்கு இரண்டாக 68000 வைத்தார்கள். முதல் சிப் வழக்கமான வேலையைப் பார்க்கும். இல்லாத பக்கத்தை அது கேட்டவுடன் அதை அப்படியே உறையவைத்துவிட்டு, இரண்டாவது சிப் போய் டிஸ்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும். முதல் சிப்புக்கு நடுவில் ஏதோ நடந்தது என்பதே தெரியாது, மெமரி கொஞ்சம் மெதுவாகப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு தொடரும். அழகான தந்திரம். இதோடு சொந்த இயங்குதளம், சொந்த நெட்வொர்க் என்று எல்லாவற்றையும் அப்பல்லோ தானே செய்தது.

1982-இல் வந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நேர் எதிர். ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஆண்டி பெக்டால்ஷைம் வடிவமைத்த போர்டில் அதே 68000, போர்டுகளை இணைக்க யாரும் பயன்படுத்தும் மல்டிபஸ், நெட்வொர்க்குக்கு யாரும் பயன்படுத்தும் ஈதர்நெட். இயங்குதளம் யூனிக்ஸ். சன் அந்த இரட்டைச் சிப் வம்புக்கே போகவில்லை. முதல் மாடலில் அந்த வசதி இல்லாமலேயே ஒப்பேற்றியது. மோட்டரோலாவே குறையைத் திருத்தி 68010-ஐக் கொண்டுவந்ததும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. அப்பல்லோ இரண்டு சிப் வைத்துச் சாதித்ததை எல்லாரும் ஒரே சிப்பில் செய்ய ஆரம்பித்தார்கள். 1989-இல் எச்பி 47.6 கோடி டாலருக்கு அப்பல்லோவை வாங்கியபோது, சந்தையில் முன்னால் நின்றது சன்.

இதை மட்டும் பார்த்துவிட்டுக் கடைச் சரக்குதான் எப்போதும் ஜெயிக்கும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எஸ்ஜிஐயின் தொடக்கக் கதை அவர்களுக்கு இடிக்கும்.

முப்பரிமாணப் பொருளைத் திரையில் காட்ட, அதன் ஒவ்வொரு முனைப்புள்ளியையும் நான்குக்கு நான்கு அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றால் பெருக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு 16 பெருக்கல். 68000-இல் ஒரு பெருக்கலுக்கு 70 கடிகாரத் துடிப்புகள் வரை ஆகும், அதுவும் 16 பிட் முழு எண்களுக்கு. 8 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் கணக்குப் போட்டால், பெருக்கலுக்கு மட்டுமே ஒரு புள்ளிக்கு 140 மைக்ரோ நொடி. வேறு எந்த வேலையும் செய்யாமல் இருந்தால்கூட நொடிக்குச் சுமார் ஏழாயிரம் புள்ளிகள்தான். தசம எண்கள் வந்தால் இன்னும் மோசம். ஒரு கார் கதவைச் சுழற்றிக் காட்டக்கூட இது போதாது.

ஸ்டான்ஃபோர்டில் ஜிம் கிளார்க்கும் மார்க் ஹானாவும் இதற்கென்றே ஜியோமெட்ரி எஞ்சின் என்ற சிப்பை உருவாக்கினார்கள். ஒரே சிப்பின் 12 பிரதிகளை வரிசையாக நிறுத்துவது கிளார்க்கின் திட்டம். முதல் நான்கு அணிப் பெருக்கலைச் செய்யும். அடுத்த ஆறு, பார்வைப் பெட்டியின் ஆறு பக்கங்களுக்கு ஒன்றாக, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டும். கடைசி இரண்டு திரையின் அளவுக்குப் பொருத்தும். புள்ளி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் திரைக்குத் தயாராக வெளியே வரும். 1980-களின் தொடக்கத்தில் கிளார்க் தொடங்கிய எஸ்ஜிஐயின் ஆரம்பகால இயந்திரங்களிலும் பொதுவான வேலைக்கு அதே மோட்டரோலா சிப்தான். சொந்தமாகச் செய்தது, வேறு எங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத அந்த ஒரு வரிசையை மட்டும். அப்பல்லோ தீர்த்தது சிப் தயாரிப்பாளரே ஒருநாள் திருத்தப்போகும் குறையை. எஸ்ஜிஐ செய்ததை மோட்டரோலாவோ இன்டெலோ அன்றைக்குச் செய்யும் உத்தேசத்திலேயே இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

சரி, அப்புறம் ஏன் எஸ்ஜிஐயும் விழுந்தது? இங்கே காலக்கணக்கு வருகிறது. 1980-களிலும் 90-களிலும் பிராசசர்களின் வேகம் ஏறக்குறைய 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானது. கடைச் சிப்பைவிடப் பத்து மடங்கு வேகமான ஒன்றை வடிவமைக்கிறீர்கள் என்று வையுங்கள். வடிவமைத்து, தயாரித்து, பிழை நீக்கி, விற்க மூன்று ஆண்டு. விற்றுப் போட்ட காசை எடுக்க இன்னும் இரண்டு ஆண்டு. அந்த ஐந்து ஆண்டுகளில் கடைச் சிப்பும் சுமார் பத்து மடங்கு வேகமாகியிருக்கும். உங்கள் முன்னிலை அங்கேயே காலி. அடுத்த தலைமுறையை உடனே தொடங்கியிருந்தால்தான் தப்பிக்கலாம். அதற்கு முதல் தலைமுறை போதுமான எண்ணிக்கையில் விற்றிருக்க வேண்டும். சில ஆயிரம் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் பிசி விற்கும் உலகத்தோடு இந்த ஓட்டத்தை ஓடுவது, ஊர் கூடி இழுக்கும் தேரோடு ஒரே வீட்டார் வடம் பிடித்துப் போட்டிபோடுவது போன்றது.

இதில் முதலில் அடிபட்டவை லிஸ்ப் இயந்திரங்கள். எம்ஐடி ஆய்வகத்திலிருந்து பிரிந்த சிம்பாலிக்ஸ் நிறுவனத்தின் 3600 மாடல், லிஸ்ப் என்ற நிரல் மொழியை ஓட்டுவதற்கென்றே பிறந்தது. ஒவ்வொரு சொல்லும் 36 பிட். அதில் சில பிட்டுகள் இந்த மதிப்பு எந்த வகை என்ற அடையாளச் சீட்டு. கூட்டலும் வகைச் சோதனையும் ஒரே நேரத்தில் நடக்கும். 1980-களின் முடிவுக்குள் சாதாரண வொர்க்ஸ்டேஷன்களும் நிரலைப் பிராசசரின் கட்டளைகளாக மாற்றும் நல்ல கம்பைலர்களுமாகச் சேர்ந்து அந்த வேகத்தைத் தொட்டுவிட்டன. 1993-இல் சிம்பாலிக்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டது. சன் பின்னால் செய்த ஸ்பார்க் பிராசசரில் அடையாளச் சீட்டோடு கூட்டவும் கழிக்கவும் சில கட்டளைகள் இருந்தன. ஒரு முழுக் கணினியாக விற்றது, இன்னொருவரின் சிப்பில் இரண்டு மூன்று கட்டளைகளாகச் சுருங்கிப்போனது.

ஆமாம், கடைச் சரக்கால் வென்ற அதே சன் 1987-இல் சொந்தப் பிராசசருக்கு மாறியது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மோட்டரோலாவின் அடுத்தடுத்த சிப்களுக்காகக் காத்திருக்க சன்னுக்குப் பொறுமையில்லை. ரிஸ்க் முறை, அதாவது எளிய கட்டளைகளைக் கொண்ட பிராசசர் வடிவமைப்பு, சொந்தச் சிப்பின் செலவை அந்தச் சில ஆண்டுகளுக்கு வெகுவாகக் குறைத்துவிட்டது. முதல் ஸ்பார்க் ஃபுஜிட்சு தயாரித்த 20,000 கேட் அளவுள்ள ஒரு கேட் அரேயில், அதாவது முன்பே அச்சான கேட்களை இணைத்து மட்டும் முடிக்கும் மலிவான சிப்பில், அடங்கிவிட்டது. சிறிய குழுவே ஒரு பிராசசரைச் செய்து பெரிய நிறுவனங்களை முந்தலாம் என்ற நிலை. மிப்ஸ், ஆல்ஃபா, எச்பியின் பிஏ ரிஸ்க் என்று ஆளுக்கொன்று செய்தார்கள்.

அந்த ஜன்னல் எத்தனை நாள் திறந்திருந்தது? 1995 நவம்பரில் இன்டெல் பென்டியம் ப்ரோவைக் கொண்டுவந்தது. பிசிக்களின் வழக்கமான எக்ஸ்86 கட்டளைகளை உள்ளுக்குள் எளிய துண்டுகளாக உடைத்து ஓட்டும் சிப். முழு எண் கணக்கில் முன்னணி ரிஸ்க் சிப்களுக்குச் சமமாக வந்து நின்றது. தசமக் கணக்கில் மட்டும் பின்தங்கியிருந்தது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை லட்சங்களிலிருந்து கோடிக்குப் போகப் போக, வடிவமைப்புக் குழுக்களும் தொழிற்சாலைச் செலவும் பெருத்தன. ரிஸ்க் கொடுத்த சலுகை தேய்ந்தது. 1992-இல் மிப்ஸ் நிறுவனத்தையே வாங்கிய எஸ்ஜிஐ, 1998-இல் அதைத் தனியே பிரித்து விட்டு, இன்டெலின் வரவிருந்த புதிய பிராசசரான இட்டானியத்தை நம்பப் போவதாக அறிவித்தது. இட்டானியம் 2001 வரை வரவேயில்லை. கையில் இருந்ததை விட்டாயிற்று, வர வேண்டியது வரவில்லை.

பிராசசரைவிடக் கிராபிக்ஸில்தான் வேடிக்கை அதிகம். எஸ்ஜிஐயின் கோட்டை எதிரியின் கையால் இடியவில்லை, உள்ளே இருந்தவர்களே செங்கல் செங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். கேம் கார்டு செய்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் எஸ்ஜிஐயில் இருந்தவர்கள். 1996-இல் வந்த அவர்களின் வூடூ கார்டு சுமார் 300 டாலர். அதே காலத்தில் எஸ்ஜிஐயின் உச்ச கிராபிக்ஸ் இயந்திரங்கள் லட்சம் டாலரைத் தாண்டின. வூடூவில் ஜியோமெட்ரி எஞ்சின் செய்த வேலை எதுவும் கிடையாது. முனைப்புள்ளிக் கணக்கைப் பென்டியத்தின் தலையில் கட்டிவிட்டு, முக்கோணங்களுக்கு நிறம் பூசுவதை மட்டும் கார்டு பார்த்துக்கொண்டது. வீடியோ கேம் ஆட அது போதும். வாங்கப் பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

1993-இல் என்விடியாவைத் தொடங்கிய மூவரில் கர்டிஸ் பிரீமும் கிறிஸ் மலசோவ்ஸ்கியும் சன் நிறுவனத்தில் ஜிஎக்ஸ் என்ற கிராபிக்ஸ் வன்பொருளைச் செய்தவர்கள். 1999 அக்டோபரில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்தபோது, முனைப்புள்ளிக் கணக்கும் கார்டுக்குள்ளேயே குடியேறியது. கிளார்க்கின் 12 சிப் வரிசை ஒரு கேம் கார்டின் மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. 1998-இல் என்விடியா மீது காப்புரிமை வழக்குப் போட்ட எஸ்ஜிஐ, மறு ஆண்டே சமரசம் செய்துகொண்டது. எஸ்ஜிஐ பொறியாளர்கள் பலர் என்விடியாவுக்கே போனார்கள்.

ஒரு வேலை பொதுப் பிராசசரிலிருந்து தனி வன்பொருளுக்குப் போவதும், அந்த வன்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஒரு பொதுப் பிராசசராக வளர்வதும், பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் சக்கரம் போலச் சுழலும் என்று கணினி ஆய்வாளர்கள் மையரும் ஐவன் சதர்லாந்தும் 1968-லேயே எழுதினார்கள். கிராபிக்ஸ் கார்டுகள் அதற்குச் சாட்சி சொல்வதற்காகவே பிறந்தவை போலிருக்கின்றன.

எஸ்ஜிஐ தன் கையாலேயே செய்துகொண்ட இன்னொரு காரியமும் உண்டு. தன் கிராபிக்ஸ் நூலகத்தை 1992-இல் ஓபன்ஜிஎல் என்ற பொதுத் தரமாக வெளியிட்டது. மென்பொருள் எழுதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் அதே மென்பொருள் நாளைக்கு 300 டாலர் கார்டிலும் ஓடும் என்று பொருள். அது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். மூடி வைத்திருந்தால் மைக்ரோசாஃப்ட் வேறொன்றைத் திணித்திருக்கும்.

இந்தப் பின்னணியில் 320-ஐ மறுபடி திறந்து பாருங்கள். மெமரி எஸ்ஜிஐயிடம் மட்டுமே கிடைக்கும் தனி ரகம், கடையில் விற்கும் மெமரி பொருந்தாது. கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐ துளைகள் 3.3 வோல்ட் வகை. அன்று சந்தையில் இருந்த கார்டுகளில் பெரும்பாலானவை 5 வோல்ட், உள்ளேயே நுழையாது. பிசியைத் தொடக்கிவைக்கும் வழக்கமான பயாஸ் கிடையாது. அதனால் விண்டோஸ் ஓட எஸ்ஜிஐ எழுதிக் கொடுக்கும் தனி அடுக்கு வேண்டும். விண்டோஸ் 2000-க்குப் பிறகு அதுவும் நின்றது. பிசியின் பெயரைச் சொல்லி விற்றார்கள். பிசி வாங்குபவன் எதிர்பார்க்கும் மலிவும் தாராளமும் அதில் இல்லை. தனி வடிவமைப்பின் பலனோ அடுத்த ஆண்டுக் கார்டுகளின் முன்னால் மங்கிவிட்டது. 2000-இல் வந்த 230, 330, 550 மாடல்கள் முழுக்கக் கடைச் சரக்கு, கிராபிக்ஸுக்கு என்விடியா சிப். அப்படியானால் அதை எஸ்ஜிஐயிடம் ஏன் வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். பதில் இல்லை. 2006 மே மாதம் நிறுவனம் திவால் மனு போட்டது. மவுன்டன் வியூவில் எஸ்ஜிஐ கட்டிய வளாகம்தான் இன்று கூகுளின் தலைமையகமான கூகுள்பிளெக்ஸ்.

பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, 2005 வாக்கில் பிராசசர்களின் கடிகார வேகம் ஏறுவது நின்றது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போனாலும் வெப்பம் குறையவில்லை. ஐந்து ஆண்டு காத்திருந்தால் கடைச் சிப்பே பத்து மடங்காகும் என்ற கணக்கு செல்லாக்காசாகிவிட்டது. தனி வன்பொருளின் முன்னிலை இப்போது நீண்ட நாள் நிற்கும். சாதாரணக் கணினிகளைக் கோத்தே தன் சேவையை வளர்த்த கூகுள்கூட 2015-இல் செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான டிபியு என்ற சொந்தச் சிப்பைத் தன் தரவு மையங்களில் ஓட்டத் தொடங்கியதற்கு இந்தச் சூழ்நிலையும் ஒரு காரணம். இரண்டாவது, முன்னணிச் சிப் செய்ய இன்டெல் போலச் சொந்தத் தொழிற்சாலை வைத்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று. பிறர் வடிவமைக்கும் சிப்களைத் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் கொடுத்தால் அச்சடித்துத் தரும்.

ஆப்பிள் இந்த இரண்டின் மேலும் மூன்றாவது ஒன்றை வைத்திருந்தது. எம்1 என்பது ஐபோனின் ஏ14 சிப்பின் உடன்பிறப்பு. பிராசசர் கோர்களுக்கான ஆராய்ச்சிச் செலவை ஏற்கனவே ஐபோன் வாங்கியவர்கள் கொடுத்துவிட்டார்கள். மேக் ஸ்டுடியோ மட்டும் விற்று அந்தக் காசை எடுக்க வேண்டுமென்றால் ஆப்பிளும் எஸ்ஜிஐ வழியில் போயிருக்கும். இயங்குதளமும் ஆப்பிளுடையதே என்பதால் எஸ்ஜிஐக்கு விண்டோஸோடு இருந்த தகராறு இவர்களுக்கு இல்லை. ஆக, நாம் ஆப்பிளின் தனி வன்பொருள் என்று சொல்வது உலகத்திலேயே மிக அதிகமாக உற்பத்தியாகும் சிப் குடும்பங்களில் ஒன்று. எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது, எண்ணிக்கை இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பகிர்ந்த மெமரி மலிவு பிசிக்களிலும் அன்றிலிருந்தே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அது கஞ்சத்தனத்துக்காக. எஸ்ஜிஐயும் ஆப்பிளும் செய்தது வேகமான மெமரியைத் தாராளமாக வைத்துப் பகிர்வது. 2025-இல் எம்3 அல்ட்ரா சிப் வந்தபோது மேக் ஸ்டுடியோவில் 512 ஜிபி வரை போக முடிந்தது. நினைவில் முழுதாக ஏற்ற வேண்டிய பெரிய மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் மேக் ஸ்டுடியோவைத் தேடுவதற்கு இதுதான் காரணம். என்விடியாவின் 5090 கார்டில் மெமரி 32 ஜிபிதான். ஆனால் மெமரியின் வேகத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல். எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது.

மறுபக்கம், டெல், எச்பி, லெனோவோ என்று இன்று விற்கும் வொர்க்ஸ்டேஷன் பெட்டிகளைத் திறந்தால், பெரும்பாலும் பிராசசர் இன்டெல் அல்லது ஏஎம்டி, கார்டு என்விடியா, மெமரி பிழை திருத்தும் ரகம். எல்லாம் தனியே வாங்கக் கிடைப்பவை. அந்த நிறுவனங்கள் சொந்தமாகச் செய்வது பெட்டி, மதர்போர்டின் வடிவம், பவர் சப்ளை. அதாவது வேகத்துக்கு எந்தப் பங்கும் ஆற்றாத பாகங்கள். உத்தரவாதக் காலம் முடிந்து பவர் சப்ளை போனால், பல மாடல்களில் கடையில் விற்கும் சாதாரண ஒன்றைப் போட முடியாது, இணைப்பும் அளவும் வேறு. நீங்கள் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் சான்றிதழுக்கு: இந்தக் கார்டில், இந்த டிரைவரில், எங்கள் மென்பொருள் சரியாக ஓடும் என்று மென்பொருள் நிறுவனம் கொடுக்கும் உறுதிக்கு. கோடிக்கணக்கில் புராஜெக்ட் நடக்கும் அலுவலகத்துக்கு அது நியாயமான செலவு. தனியாக வேலை செய்பவர் அசெம்பிள் செய்து வாங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கடை என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990-களின் கடையில் கிராபிக்ஸ் சிப் விற்கப் பத்துப் பேராவது இருந்தார்கள், தொழில்முறை மென்பொருளுக்கு ஓபன்ஜிஎல் பொது. இன்று தொழில்முறைக் கார்டு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான், என்விடியா. அதோடு, கார்டில் பொதுக் கணக்குகளை ஓட்ட அது 2007-இல் கொண்டுவந்த குடா என்ற நிரல் தளத்தில் எழுதிய நிரல்கள் அந்த ஒரே நிறுவனத்தின் கார்டில்தான் நேரடியாக ஓடும். கார்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்றாலும், வாங்கியவர் கட்டுண்டு கிடப்பது 1990-இல் எஸ்ஜிஐ வாங்கியவரைப் போலத்தான். குடா நிரல்களைத் தன் கார்டுகளுக்கு மாற்றிக்கொள்ள ஏஎம்டி ஹிப் என்ற வழியை வைத்திருக்கிறது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2021 முதல் அதை ஏற்கிறது, மறு ஆண்டு ஆப்பிள் சிப்களுக்கான மெட்டல் என்ற வழியையும் சேர்த்துக்கொண்டது. குடாவை மட்டுமே நம்பி எழுதிய மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துபவருக்குக் கார்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.